கேள்வியோடு முழந்தாளிடுவோம்

ஆலங்குளத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தைச் சந்திக்க மாலை வேளையில் சென்றிருந்தேன். முன்பெல்லாம் அந்நேரத்தில் அவ்வீட்டுச் செபமாலை ஒலி தெருவரை கேட்கும். அன்று வீடு அமைதியாயிருந்தது. காரணம் வினவினேன். குடும்பத் தலைவர் தலைகுனிந்தவாறே, “கிணறு வற்றிவிட்டது, சாமி. போட்ட வெங்காயமும் கருகிவிட்டது. நாள் தவறாமல் செபித்தோமே, என்ன பயன் என்று மனம் கேட்கிறது. அப்படிக் கேட்பது பாவமல்லவா? அதனால் செபத்தையே நிறுத்திவிட்டேன்” என்றார்.

அவருக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. ஆனால் இதே கேள்வியை ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்தாம் நம் தென்னகத்தின் வேதசாட்சி புனித தேவசகாயம்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். அவருடைய குடும்பத்துக்குப் பொருளிழப்பு மேல் பொருளிழப்பு நேர்ந்தது. மனம் உடைந்திருந்த அவரிடம், 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அந்நாட்டுப் படையிலேயே பணியாற்றிய டிலனாய், விவிலியத்தின் யோபு வரலாற்றை எடுத்துரைத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகின்றது.

டிலனாய் எடுத்துரைத்த யோபு யார்? செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தவர். கடவுளிடம் முறையிட்டவர், வழக்காடியவர். அவருடைய நண்பர்களோ கடவுளைப் பற்றி அழகாகப் பேசினார்கள். இறுதியில் ஆண்டவர் கடிந்துகொண்டது அந்நண்பர்களை, ஏற்றுக்கொண்டது யோபுவை. நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பேசினர். யோபு கடவுளோடு பேசினார். வேறுபாடு இதுவே.

உண்மையைத் தேடிய நீலகண்டர் 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவர்களிடம் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமாகிய தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். அத்துடன் துன்பம் தீர்ந்ததா? இல்லை. 1749-இல் சிறைப்பட்டார்; அடியும் அவமானமும் மூன்றாண்டுகள் தொடர்ந்தன. 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விலங்கிடப்பட்ட நிலையிலும் அவர் செபத்தில் நிலைத்திருந்தார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இழந்த பொருளுக்கு ஈடு தேடியிருந்தால், அவர் பாதி வழியிலேயே திரும்பியிருப்பார். அவர் கண்டடைந்த உண்மை வெறும் விளக்கமன்று. தம்மையே உண்மை என்று அறிவித்த இயேசு. ஒரு விளக்கத்தை ஒருமுறை கேட்டு மனத்தில் இருத்தலாம். ஓர் ஆளையோ நாள்தோறும் பேசிப் பழகியே அறிய வேண்டும். இதனாலேயே அன்றாடச் செபமின்றி விசுவாசம் வேரூன்றுவதில்லை. நம் ஆண்டவரே விடியுமுன் தனியிடம் சென்று செபித்தாரே!

குடும்பத்தைக் குட்டித் திருச்சபையாகக் கண்டது இரண்டாம் வத்திக்கான் சங்கம். அதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் ஒன்றாக அமருங்கள். நற்செய்தியில் ஒரு பகுதியை வாசியுங்கள். சற்று மௌனமாயிருங்கள். பின்னர் மனத்தை அழுத்தும் கேள்வியை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளின் ஐயங்களையும் அதட்டி அடக்காதீர்கள். அவற்றையும் செபமாக்கக் கற்றுக்கொடுங்கள். அதன்பின் செபமாலையைத் தொடங்குங்கள்.

அன்று மாலை அவ்வீட்டில் அவ்வாறே செய்தோம். குடும்பத் தலைவர் தம் கேள்வியை உரத்த குரலில் ஆண்டவரிடமே கேட்டார். குரல் தழுதழுத்தது. மனைவி செபமாலையைத் தொடங்கினார், பிள்ளைகள் தொடர்ந்தனர். கிணற்றில் இன்னும் நீர் ஊறவில்லை. ஆனால் அவ்வீட்டுச் செப ஒலி மீண்டும் தெருவரை கேட்கின்றது.

அன்பர்களே, விடை கிடைத்தபின் செபிப்போம் என்று காத்திராதீர்கள். கேள்வியோடேயே இன்று முழந்தாளிடுங்கள். புனித தேவசகாயமே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.