திரும்பி வந்தார்கள், நாற்காலி எங்கே?
குடும்பத்துக்காக ஆராய்ச்சியை விட்ட பெண்களை மீண்டும் அழைக்கிறது அரசு, மூன்றாண்டுக்கு மட்டும்

1964இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் கணித முதுகலைப் பட்டமும் தங்கப் பதக்கமும் பெற்றார் மங்களா நார்லீகர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். 1966இல் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லீகருடன் திருமணம், பிறகு கேம்பிரிட்ஜ் வாசம், மூன்று பெண் குழந்தைகள். அதே நிறுவனத்துக்கு அவர் திரும்பியது 1974இல். டாக்டர் பட்டம் 1981இல்தான் கைக்கு வந்தது.

அதன் பிறகு கிடைத்தது 'பூல் ஆபீசர்' பதவி. வெளிநாட்டில் படித்துத் திரும்பி, வேலை கிடைக்காமல் நிற்கும் விஞ்ஞானிகளைத் தற்காலிகமாக அமர்த்த 1958இல் மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு அது. ஒருவகைக் காத்திருப்பு அறை. அதிலும் 1985 வரைதான். மும்பை, புணே பல்கலைக்கழகங்களில் பகுதி நேரமாகப் பாடம் நடத்தினார், மராத்தியில் கணித நூல்கள் எழுதினார். 2023இல் காலமானார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறதா? பாதி. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. வேலையில் இடைவெளி விழுந்த பெண்கள் தாமே ஓர் ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்பலாம். தேர்வானால் மூன்றாண்டுக்கு உதவித்தொகை, ஆய்வுச் செலவுக்குத் தனிப் பணம். வயது வரம்பு பின்னர் 57 வரை உயர்ந்தது. இப்போது இது 'வைஸ்-கிரண்' என்ற பெயரில் புது உருவம் பெற்றிருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் 'பயோகேர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது.

காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு முதலில் ஒரு நிறுவனம் இடம் தர ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டு தொடர்பு விட்டுப்போனவருக்கு இந்த முதல் படியே செங்குத்து. பழைய வழிகாட்டி ஓய்வு பெற்றிருப்பார். கணவர் மாற்றலாகி வந்த ஊரில் யாரையும் தெரியாது. துறையும் காத்திருப்பதில்லை. 2008இல் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தை விட்டவர் 2018இல் நுழைந்தால், 2012க்குப் பிறகு எங்கும் பரவிவிட்ட கிரிஸ்பர் மரபணுத் திருத்தத்தை அடியிலிருந்து கற்க வேண்டும். கற்றுக் கையில் வருவதற்குள் முதல் ஆண்டு ஓடிவிடும். மீதி இரண்டில் முடிவுகள் வேண்டும், கட்டுரையும் வெளிவர வேண்டும்.

மூன்றாண்டு முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இடம் கொடுத்த நிறுவனத்துக்கு அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் கடமை எதுவும் இல்லை. இன்னொரு திட்டம், இன்னொரு மூன்றாண்டு என்று ஐம்பதைத் தொட்டவர்கள் உண்டு. ஆசிரியர் தேர்வுக் குழுவின் முன் போனால், இடைவெளியே இல்லாத முப்பது வயதுக்காரரின் கட்டுரைப் பட்டியலோடு இவருடையதையும் ஒரே தராசில் நிறுப்பார்கள்.

குடும்பம்தான் பெண்களை இழுத்துக்கொண்டு போகிறது என்பது ஆய்வு நிறுவனங்களுக்கு வசதியான விளக்கம். டாக்டர் பட்டம் பெற்ற பெண்களிடம் பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அனிதா குருப், ரோஹிணி காட்போலே முதலானோர் விசாரித்து 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விட்டுப்போனவர்களில் பலர் சொன்ன காரணம் குழந்தையோ மாமியாரோ அல்ல: தகுந்த வேலை கிடைக்கவில்லை.

விலகாமல் தடுக்கவும் சில விதிகள் வந்திருக்கின்றன. பிஎச்.டி. மாணவிகளுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பை 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. 2022 விதிகளின்படி அவர்கள் அதிகபட்சம் பத்தாண்டு வரை அவகாசம் பெறலாம். பட்டம் வாங்கிய பிறகு பிள்ளை பெறுபவருக்கு இவற்றால் பயனில்லை.

இத்தனைக்கும் நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு கிளை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அறிவியல் படித்த பெண்களுக்கு அறிவுசார் சொத்துரிமையில் ஓராண்டுப் பயிற்சி தரும் பிரிவு அது. பயின்றவர்கள் பலர் காப்புரிமை முகவர் தேர்வில் தேறினார்கள். அந்தத் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. வீட்டில் மேஜை போட்டு, அடுத்தவர் கண்டுபிடிப்புகளுக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள். சோதனைக் குழாயைத்தான் அவர்கள் மறுபடி தொடவில்லை.