எதிர் (சொல்)

எதிர் என்பது தமிழில் பெயராகவும் வினையடியாகவும் வழங்கும் சொல். முரண், பகை என்னும் பொருளே இன்று முதலில் நினைவுக்கு வருகிறது. எதிரி, எதிர்ப்பு, எதிர்க்கட்சி ஆகிய சொற்கள் நாள்தோறும் செய்தியில் அடிபடுவது அதற்குக் காரணமாகலாம். ஆனால் முகத்துக்கு நேரே இருப்பது, முன்னே வருவது என்பதை அடிப்படையாகக் கொண்டால்தான் இச்சொல்லின் மற்றப் பயன்பாடுகள் விளங்கும்.

இடப்பொருள் பேச்சுவழக்கில் வலுவாக உள்ளது. சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் ஒருவரிடம் வழி கேட்டால் 'கோயிலுக்கு எதிர்ல', 'கடைக்கு எதிர்த்தாப்பல' என்று விடை வரும். 'எதிர்த்த வீடு' என்பதில் உள்ள 'எதிர்த்த', எதிர்த்தல் என்னும் வினையின் இறந்தகாலப் பெயரெச்சம். ஆயினும் அந்த வீட்டாரோடு சண்டை என்று எவரும் பொருள்கொள்வதில்லை. (சண்டை இருந்தால் அது வேறு கதை.)

முன்னே இருப்பது இடமானால் நேர்ப்பக்கம். காலமானால் இனி வருவது. தொல்காப்பியம் முக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்கிறது. திருக்குறள் 429-இல் வரும் 'எதிரது' இனி வரப்போவதைக் குறிக்கும். எதிர்பார்த்தலும் இதைச் சார்ந்தது: வருவதை நோக்கியிருத்தல்.

பகைக்கு நேர்மாறாக வரவேற்பையும் இச்சொல் உணர்த்தும். விருந்தினரை முன்சென்று அழைத்து வருவதே எதிர்கொள்ளுதல். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குவதற்கு முந்தைய நாள், அவரை மக்கள் வரவேற்கும் நிகழ்வுக்கு எதிர்சேவை என்று பெயர். இன்று 'சவாலை எதிர்கொண்டார்' என்றே அதிகம் எழுதுகிறோம். அழைத்து வரும் பொருள் பின்னுக்குப் போய்விட்டது.

பழந்தமிழில் எதிர்தல், எதிர்த்தல் என இரு வினைகள் உண்டு. 'எதிர்ந்தான்' என்றால் ஏற்றான், சந்தித்தான் என்றெல்லாம் பொருள்படும். 'எதிர்த்தான்' என்பதில் மோதல் உண்டு. இன்று இரண்டாவதே நிலைத்திருக்கிறது. எழுதும்போது எதிர்க்கட்சி, எதிர்த்திசை, எதிர்ச்சொல் ஆகியவற்றில் வல்லினம் மிகும். எதிர்காலம், எதிர்பார்ப்பு, எதிர்கொள் ஆகியவற்றில் மிகாது. இதைப் பொருள் வேறுபாட்டால் விளக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பகை சிறிதுமில்லாத 'எதிர்ப்படு' வல்லினம் மிகுந்தே வருகிறது. எனவே இவற்றைச் சொல் சொல்லாகவே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மாணவர் பெரிதும் குழம்புவது எதிர்மறைக்கும் எதிர்ச்சொல்லுக்கும் இடையில். 'வந்தான்' என்பதன் எதிர்மறை 'வரவில்லை', எதிர்ச்சொல் 'போனான்'. வராதவன் போனவன் ஆகமாட்டான். அவன் தொடக்கத்திலிருந்தே வேறிடத்தில் இருந்திருக்கலாம். எதிர்மறை ஒன்றை இல்லை என்கிறது. எதிர்ச்சொல் அதன் மறுமுனையில் உள்ள வேறொன்றைச் சொல்கிறது. 'நல்லதல்ல' என்பதைக் 'கெட்டது' என்று படிப்பவர் செய்வதும் இதே பிழைதான்.

நீதிமன்ற வழக்கில் கவனம் இன்னும் வேண்டும். எதிர்மனுதாரர் என்பவர், மனு யார்மீது கொடுக்கப்பட்டதோ அவர். தமிழ்நாட்டுக் குற்றவியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பார்கள். பலர் இருந்தால் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என எண்ணிட்டுக் குறிப்பது வழக்கம். இங்கே எதிரி என்பது பகைவனையும் குறிக்காது, குற்றவாளியையும் குறிக்காது. வழக்கில் மறுபக்கம் நிற்பவர் என்பதே பொருள். விசாரணை முடிந்து விடுதலையாகிறவரும் தீர்ப்பு நாள்வரை அந்த ஆவணங்களில் எதிரிதான்.