'முடிவுகள் ஏதும் இல்லை' என்றால் என்ன செய்வது?

சாலாக் செலாத்தான் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். வாடகை 600 வெள்ளிக்குள். தனிக் குளியலறை. சமைக்க அனுமதி. கார் நிறுத்த இடம். இந்த ஐந்தையும் கைப்பேசியில் தட்டித் தேடினால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பல நேரம் கிடைக்கும் பதில்: 'முடிவுகள் ஏதும் இல்லை'.

அறையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 620 வெள்ளிக்கு ஒன்று இருக்கலாம். ஆனால் கணினிக்கு 600 என்றால் 600தான். 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த அட்டவணை முறையில்தான் இன்றும் பல தரவுத்தளங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு வரியும் நிபந்தனைக்குப் பொருந்தும், அல்லது பொருந்தாது. 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே இல்லை.

வானொலியில் நேயர் கேட்ட பாடல் கைவசம் இல்லையென்றால், "அதே பாடகரின் வேறு பாடல் போடட்டுமா?" என்று கேட்போம். கணினிக்கும் இந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொடுக்க 1980-களிலேயே ஆய்வாளர்கள் முனைந்தார்கள். அமிஹாய் மோட்ரோ 1988-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று.

எதைத் தளர்த்துவது?

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஐந்து நிபந்தனைகளில் எவற்றை வைப்பது, எவற்றை விடுவது என்று பார்த்தால் 32 வழிகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலை வைத்தால் 3,125. எல்லாவற்றையும் தேடிப் பார்த்தால் நமக்குப் பொறுமை போய்விடும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. மற்றவற்றை மாற்றாமல் வாடகையை மட்டும் 900 வெள்ளி வரை உயர்த்தியும் அறை கிடைக்கவில்லை என்றால், 650, 700, 800 எதையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒரே கேள்வியில் பல கேள்விகள் அடிபட்டுப் போகின்றன.

உபகாரச் சம்பளத்திலும் இதே கணக்கு

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச்.வி. ஜகதீஷும் சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. உதாரணத்துக்கு, உபகாரச் சம்பளத்துக்கு சி.ஜி.பி.ஏ. 3.7 என்று கோடு போடுகிறார்கள். பட்டியலில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் பத்துப் பேராவது வேண்டும். இருப்பதோ நான்கு பேர். அந்தக் கோட்டை எவ்வளவு குறைவாக நகர்த்தினால் பத்துப் பேர் வருவார்கள் என்று கணினி கண்டுபிடிக்கும். 3.6 போதும் என்றால், அது எல்லாருக்கும் ஒரே கோடு. யாருக்கும் தனி வரிசை இல்லை.

கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. அந்த முடிவால் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைக் கணினி எடுத்துக் காட்டுகிறது.

தேடும் முன்

'கட்டாயம் வேண்டும்', 'இருந்தால் நல்லது' என்று இரண்டு பட்டியல் போடுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்கு மின்தூக்கி கட்டாயம்; கார் நிறுத்துமிடம் அப்படியல்ல. இரண்டாம் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். இரண்டைச் சேர்த்துத் தளர்த்தினால், எது தடையாக இருந்தது என்று தெரியாது.

ஆனால் 'இந்தியர் வேண்டாம்' என்று வாடகை விளம்பரத்தில் போடுகிறார்களே, அது நம் பக்கத்து நிபந்தனை அல்ல. வாடகையை எவ்வளவு உயர்த்தினாலும், தூரத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் கதவு திறக்காது. அதைத் தளர்த்த வேண்டியவர் வீட்டுக்காரர்.