உதவப் போன கை கிணற்றைக் கெடுக்கலாமா?

வெள்ளம், புயல் என்று செய்தி வந்ததுமே நம் கை முதலில் போவது பீரோவின் அடித்தட்டுக்குத்தான். நைந்த புடவை, குழந்தைக்குச் சின்னதாகிப்போன கவுன், காலர் கிழிந்த சட்டை எல்லாம் மூட்டையாகிவிடும். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூட்டை போய்ச் சேருகிற ஊரில் அது என்ன ஆகிறது என்று நாம் கேட்பதே இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த மாதம் எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு நானும் அங்கே போயிருந்தேன். சாலையோரம் எங்கு பார்த்தாலும் துணிக் குவியல்! லாரியிலிருந்து அப்படியே தள்ளிவிட்டுப் போனவை. பனியில் நனைந்து, மாடு மிதித்து, பாதி வாய்க்காலில் சரிந்து கிடந்தன. உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள் பிறத்தியார் கட்டிக் கழித்ததைத் தொட விரும்பவில்லை. பிணங்களையும் இடிபாடுகளையும் அள்ளிக் களைத்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இந்தத் துணி மலையும் வேலையாகிவிட்டது.

"ஏம்மா, இத்தினி துணிய வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? ஒரு கொடம் நல்ல தண்ணி கெடைச்சாப் போதும்மா. கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல" என்றாள் ஒரு பெண். இடுப்பில் கைக்குழந்தை.

அந்தக் கிணற்று விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடற்கரை மணலில் மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய தட்டு மாதிரி மிதக்கிறது. பாலுக்கு மேல் ஆடை நிற்பது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். நாம் சேந்திக் குடிப்பது அந்த ஆடையைத்தான். கடல் புகுந்த கிணற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று பெரிய மோட்டார் பம்ப்பை வைத்து ஒட்ட இறைத்தால் என்ன ஆகும்? நல்ல தண்ணீர் போய், அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம், ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்துப் பார்த்தார்கள். உப்பு போகவில்லை. பிறகு பெய்த மழைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக் கொடுத்தது. சேற்றையும் குப்பையையும் நிதானமாக வாரி எடுத்துவிட்டு, மழை வரும் வரை குடிக்க மட்டும் லாரித் தண்ணீர் கொடுப்பதே அங்கே சரியான உதவி.

இன்னொன்று. உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. வற்ற வற்றக் கரிப்பு கூடத்தான் செய்யும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகவே ஆகாது.

உதவி செய்வதற்கு முன் "இதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும்?" என்று பார்ப்பதற்கு இப்போது ஒரு முறையே இருக்கிறது. கேர் நிறுவனமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பென்ஃபீல்ட் ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. பேரிடர் நடந்து முதல் 120 நாட்களுக்குள் பயன்படுத்துவதற்கானது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேள்விகள்தான். தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், எதை எரிக்கிறீர்கள், கழிவு எங்கே போகிறது என்று பாதிக்கப்பட்டவர்களையே உட்கார வைத்துக் கேட்பது. இதற்கெல்லாம் யாருக்குப் பதில் தெரியும்? குடும்பத்தை நடத்துகிற பெண்களுக்குத்தானே!

விறகையே எடுத்துக் கொள்ளுங்கள். 1994-இல் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் ஒரு சில நாட்களில் காங்கோவின் (அப்போது ஜைர்) கோமா நகரருகே வந்து சேர்ந்தார்கள். அங்கே தரப்பட்ட உணவில் காய்ந்த பீன்ஸ் விதையும் உண்டு. ஊறப் போடாத மொச்சையை வேக வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை விறகைத் தின்னும் என்று சொல்லவே வேண்டாம். பக்கத்திலிருந்த விருங்கா தேசியப் பூங்கா, மலைக் கொரில்லாக்கள் வாழும் காடு, வெட்டி வெட்டி அடுப்புக்குப் போயிற்று. உடைத்த பருப்போ, நன்றாக மூடும் பாத்திரமோ கொடுத்தாலே விறகு மிச்சமாகும். இது ஆபீசருக்குத் தோன்றாமல் போகலாம், நமக்குத் தோன்றும்.

நாகையில் தாற்காலிகக் குடியிருப்புகளும் அப்படித்தான். பல இடங்களில் தார் ஷீட் போட்டுக் கட்டினார்கள். சித்திரை வெயிலில் உள்ளே குழந்தையைப் படுக்க வைக்க முடியாது. சில முகாம்கள் பள்ளத்தில் அமைந்ததால் 2005 வடகிழக்கு மழையில் தண்ணீர் புகுந்தது. நாங்கள் பார்த்த ஒரு முகாமில் கக்கூஸ் குழிக்கும் அடி பம்ப்புக்கும் இடையே பத்தடி கூட இல்லை. குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே நிற்க வேண்டும். இதைக் கேட்பதற்கு எஞ்சினீயராக இருக்க வேண்டியதில்லை, ஓர் அளவு நாடா போதும்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எந்த ஊர் வெள்ளத்திலும் இது உதவும். கை போன போக்கில் கொட்டினால் நாற்றம் தாங்காமல் ஜனங்கள் குட்டைத் தண்ணீருக்குப் போய்விடுவார்கள். பொதுக் கணக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், தண்ணீர் மிகவும் கெட்டிருந்தால் கூடுதலாக வேண்டியிருக்கும், அதைச் சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார். 2 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். அதற்கு 24 கிராம் வரும். அதை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாக அலசுங்கள். அடிவண்டலைக் கிணற்றில் போடக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துச் சேந்தலாம். ராத்திரி போட்டுவிட்டால் காலையில் எடுக்கச் சௌகரியம்.