அந்த நீலப் புள்ளி நான் இல்லை

இந்த வார எபிசோட்டில் உடம்பில் மாட்டுற கருவிகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சோம். அதில் நான் வாயே திறக்காத விஷயம் ஒன்று இருக்கு. வாற ஞாயிறு நான் லண்டன் மரதன் ஓடுறேன்.

சொல்லாததுக்குக் காரணம், போன வருஷம் சொல்லிப்போட்டுப் போனதுதான். அது வேறொரு நாட்டில் நடந்த மரதன். அப்பாவும் கூட வந்தவர். 36ஆவது கிலோமீற்றரில் எனக்குக் கண் இருட்டி, ரோட்டோரத்தில் இருந்து, முதலுதவிக் கூடாரத்தில் போய் முடிஞ்சது. போன் பையோட முடிவிடத்தில். அப்பாவின் கையில் இருந்தது பின்தொடர்ற ஆப் மட்டும்.

அந்த ஆப் எப்படி வேலை செய்யுது என்று ஓட முதல் நான் யோசிக்கவே இல்லை. இவ்வளவுக்கும் நான் ஒரு டெக் பாட்காஸ்ட் செய்யிற ஆள். பெரிய மரதன்களில் பெரும்பாலும் நாங்கள் கொண்டு ஓடுறது பேட்டரி இல்லாத ஒரு சின்னச் சிப். ரோட்டில் விரிச்சிருக்கிற பாய்க்குள் ஆன்டெனா இருக்கும். பாயை மிதிக்கேக்க அதிலிருந்து வாற ரேடியோ அலையே சிப்புக்குச் சக்தி குடுக்கும். சிப் தன்ர இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். பாய்கள் 5 கிலோமீற்றருக்கு ஒன்று. இரண்டு பாய்க்கு நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மேப்பில் நகர்ற அந்த நீலப் புள்ளி, முந்தின பாயில் பதிஞ்ச வேகத்தை வைச்சு ஆப் போடுற கணக்கு.

எனக்கு 35இல் கடைசிப் பதிவு. நான் கூடாரத்தில் உப்புத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்க, என்ர புள்ளி என்னை விட்டிட்டு 40ஆவது கிலோமீற்றர் வரைக்கும் ஓடிப் போய் அங்கே நின்றுவிட்டது. பிள்ளை 40இல் விழுந்துபோனாள் என்று அப்பா முடிவெடுத்தார். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைச்ச மனுசன், மொழி தெரியாத ஊரில், சனத்துக்குள்ளால் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் பின்பக்கமா நடந்து, கண்ட காவலருக்கெல்லாம் என்ர படத்தைக் காட்டியிருக்கிறார். இரண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான் சந்திச்சோம். அவர் ஒன்றும் பேசேல்லை. அம்மாதான் இன்னும் பேசுறா.

அதனால் இந்த வருஷம் கடைசி நாட்களின் தயாரிப்பு எனக்கு ஒரே கேள்விதான்: எது எது என்னைக் கைவிடும்?

முதலில் வாட்ச். கடைசி இரண்டு மூன்று கிழமை ஓட்டத்தை வழக்கத்தில் இருந்து 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கணும். வேகத்தை விடக்கூடாது, தூரத்தை மட்டும் வெட்டணும். இதைத்தான் டேப்பர் என்றுவாங்க. உடம்பு பழுது பார்க்கிற நேரம் அது. ஆனால் வாட்சுக்கு அது விளங்குறதில்லை. அதன் கணக்கு அண்மையில் ஓடின சுமையை வைச்சு வாறது. சுமை இறங்கினால் 'உன் தகுதி குறையுது' என்று காலமை காலமை முறைப்பாடு. போதாததுக்கு இந்த வாரம் இல்லாத நோவெல்லாம் வரும். திங்கள் இடது முழங்கால், செவ்வாய் வலது குதிக்கால். புதன் தொண்டை கரகரக்குது. நித்திரைக்கு வாட்ச் மார்க் போடுறதைத் திங்களே நிற்பாட்டிப்போட்டேன். சனி இரவு எனக்கு நித்திரை வராது என்று எனக்கே தெரியும், அதை ஒரு மெஷின் காலமை 5 மணிக்குச் சொல்லத் தேவையில்லை. வாட்ச் கேட்கிற மென்பொருள் அப்டேட்டும் போடுறதில்லை. அதெல்லாம் திங்களுக்குப் பிறகு.

அடுத்தது வேகம். 4 மணித்தியாலத்தில் முடிக்க எனக்கு ஒரு கிலோமீற்றருக்கு 5 நிமிஷம் 41 செக்கன் வேணும். வாட்சில் அந்த எண்ணைப் பிடிச்சுக்கொண்டு ஓடினால் போதாதா? போதாது. மரதன் பாதையை அளக்கிறது சைக்கிளில். முன் சில்லில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற ஒரு சின்னப் பல்சக்கர எண்ணி. 1971இல் அமெரிக்காவில் செய்தது, இன்னும் அதைத்தான் நம்புறாங்க. வளைவுகளில் ரோட்டு விளிம்பில் இருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, போகக்கூடிய ஆகக் குறுகிய வழியில் அளப்பாங்க. பாதை குறைஞ்சு போகக்கூடாது என்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூடவும் சேர்ப்பாங்க. லண்டனில் அந்தக் குறுகிய வழியை ரோட்டில் நீலக் கோடாகவே கீறி வைச்சிருக்கும். சனத்துக்குள் அந்தக் கோட்டிலேயே ஓட எங்களால் ஏலாது. ஆளை விலத்தி, வளைவில் வெளிப்பக்கமா ஓடி, வாட்ச் 42.8 என்று காட்டேக்கதான் பெரும்பாலும் முடிவுக்கோடு வரும். அதே 5.41இல் 42.8 ஓடினால் 4 மணி 3 நிமிஷம். மூன்று நிமிஷம் காற்றில்.

இதுக்கு மேல் கனரி வார்ஃப் இருக்கு. 18, 19ஆவது மைல் பக்கம், கால் கெஞ்சத் தொடங்கிற இடம். செய்மதிச் சிக்னல் 20,000 கிலோமீற்றருக்கு மேலிருந்து வந்து கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் தெறிச்சுப் பிந்தி வரும். வாட்ச் என்னைப் பக்கத்துத் தெருவிலோ தண்ணிக்குள்ளோ வைச்சிடும். இரண்டு அலைவரிசையில் கேட்கிற புது வாட்ச்கள் பரவாயில்லை, ஆனால் 24ஆவது மைல் பக்கம் பிளாக்ஃப்ரையர்ஸ் சுரங்கத்துக்குள் அதுவும் குருடுதான். போன வருஷமும் ஒரு சுரங்கத்துக்குள் வேகம் விழுந்ததாக் காட்ட, நான் பயந்து கூட்டினனான். வாட்சைக் குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் 10 கிலோமீற்றரைக் கலியாண வீட்டுக்குப் பிந்தின ஆள் மாதிரி ஓடினது நான்தான்.

இந்த முறை வாட்ச் தானா லாப் எண்ணுறதை நிற்பாட்டிப்போட்டேன். ஒவ்வொரு மைல் பலகையிலும் நானே பட்டனை அமத்துவேன். மைலுக்கு 9 நிமிஷம் 9 செக்கன். 5, 10, பாதி, 20 மைல் நேரங்களை மணிக்கட்டில் பேனையால் எழுதுறது. அதுக்கு சார்ஜ் தேவையில்லை.

சாப்பாடு கெதியாச் சொல்றேன். கடைசி ஒன்றரை, இரண்டு நாளைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் மாப்பொருள் என்பது விளையாட்டுப் போஷாக்குக்காரர் சொல்ற கணக்கு. நான் 58 கிலோ. சோற்றில் மட்டும் எடுக்கிறதென்றால் ஒரு நாளைக்கு 2 கிலோவுக்கு மேல் சோறு! ஆகவே இடியப்பம், பாண், ஜாம், ஜூஸ் எல்லாம் கலந்துதான். பருப்பும் கீரையும் உறைப்பும் ஞாயிறு பின்னேரம் வரைக்கும் லீவு. வருஷப்பிறப்புப் பலகாரம் இன்னும் டப்பாவில் இருக்கு, எண்ணெய் என்றதால் அதுவும் தள்ளி. தராசு ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டினால் பயப்படாதீங்க. தசையில் சேர்ற சக்தி, கிராமுக்கு மூன்று கிராம் தண்ணியையும் கூட்டிக்கொண்டுதான் சேரும்.

நாளைக்கு எக்செல் மண்டபத்துக்குப் போய் நம்பர் எடுக்கணும். நேரில் போகணும், அடையாள அட்டையோட. போட்டி அன்று தரமாட்டாங்க. நம்பருக்குப் பின்பக்கம் அவசர விபரம் எழுதுற இடத்தைப் போன வருஷம் வெறுமையா விட்டனான். இந்த முறை அண்ணாவின் போன் நம்பர். என்ர போன் இடுப்புப் பட்டியில்.

மிச்சம் அப்பா. "இந்த முறை நான் வீட்டில டிவியில பாக்கிறன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவர். நேற்று இரவு மேப்பை மேசையில் விரிச்சேன். ஈஸ்ட் ஹாமில் இருந்து டிஸ்ட்ரிக்ட் லைன், டவர் ஹில்லில் இறங்கிக் கிழக்கே நடந்தால் தி ஹைவே. அந்த ரோட்டில் 13ஆவது மைலில் நாங்கள் ஒரு பக்கத்தால் போவோம், 22ஆவது மைலில் மற்றப் பக்கத்தால் திரும்பி வருவோம். ஒரே இடத்தில் நின்றால் இரண்டு தரம் காணலாம். 22ஆவது மைல் என்றால் 35ஐக் கொஞ்சம் தாண்டின இடம். ஏன் அந்த இடம் என்று நான் அவருக்குச் சொல்லேல்லை. அவரும் கேட்கேல்லை.

என்ர தொடக்க நேரம் 10.48. 12.47க்குப் போவேன், 2.09க்குத் திரும்புவேன். கடுதாசியில் எழுதிக் குடுத்தேன். முடிவில் ஹோர்ஸ் கார்ட்ஸ் பரேடில் குடும்பப் பெயர் எழுத்து வாரியாச் சந்திக்கிற இடம் இருக்கு. அங்கேயும் எங்கட ஆக்களுக்கு ஒரு பிரச்சினை: என்ர குடும்பப் பெயர் அப்பாவின் பெயர், அப்பாவின் குடும்பப் பெயர் அப்பப்பாவின் பெயர். பேசாமல் விட்டிருந்தால் ஆளுக்கொரு எழுத்துக்குக் கீழ நின்றிருப்போம். அதையும் பெரிசா எழுதி வட்டம் போட்டேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டு, தன்ர பழைய சீக்கோவையும் சுவர் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்து ஒரு நிமிஷம் திருத்தினார்.

"ரெண்டு ஒன்பதுக்கு நீ வரேல்லை எண்டால்?"

"ரெண்டே முக்கால் வரைக்கும் நில்லுங்கோ அப்பா. நடந்தெண்டாலும் வருவன். இடையில நிண்டிட்டன் எண்டால் நானே போன் அடிப்பன். ஆப்பைப் பார்த்திட்டு மட்டும் நடக்க வெளிக்கிடாதேங்கோ."

கடுதாசியில் 2.45 என்று தானே எழுதிச் சேர்த்தார். பிறகு நாலா மடிச்சுச் சட்டைப் பையில் வைச்சுக்கொண்டு, "அங்க இருக்கிறதுக்கு ஒரு இடம் இருக்குமே?" என்று கேட்டார். மடிக்கிற கதிரை ஒன்று நாளைக்கு எக்செல்லால் வரேக்க வாங்கணும்.