மகன் ஓட்டுகிறான்; பாலிசி செல்லுமா?

பையனுக்கு 18 வயது நிறைந்துவிட்டது. மறுநாளே, "அப்பா, கார் சாவியைக் கொடுங்கள்" என்று கையை நீட்டுகிறான். "பார்த்துப் போடா" என்கிறாள் தாய். தகப்பனார் சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? இருந்தாலும், மகன் ஓட்டினால் அது செல்லுமா? இதை மூவரில் ஒருவரும் கேட்பதில்லை. விபத்து நடந்த பிறகு ஒருவர் கேட்கிறார். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல். கேட்கும் இடம், கோர்ட்டு.

மூன்றாவது ஆள் யார்?

காரின் சொந்தக்காரர் முதல் ஆள். இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டாவது ஆள். ரோட்டில் நடந்து போகிறவர், சைக்கிளில் வருகிறவர், எதிர் வண்டியில் இருப்பவர் எல்லோரும் மூன்றாவது ஆள். கார் மோதி அவருக்கு உயிர் போனாலோ, கை கால் போனாலோ நஷ்டஈடு கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் இன்ஷூரன்ஸைச் சட்டம் கட்டாயம் ஆக்கியது. நம் நாட்டில் 1946 ஜூலை 1-ந் தேதி முதல் இந்தக் கட்டாயம் இருந்து வருகிறது.

அந்தப் பாலிசி இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் தடவை ரூ.2,000 அபராதம். அடுத்த தடவை ரூ.4,000. மூன்று மாதம் வரை ஜெயிலும் கிடைக்கலாம். ஆனால் அபராதம் சின்ன விஷயம். பாலிசி இல்லாத கார் ஒருவர் மீது ஏறிவிட்டால், நஷ்டஈட்டுப் பணம் முழுவதையும் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும். நஷ்டஈடு பல லட்சத்துக்குப் போகும். அப்புறம் வீட்டுப் பத்திரத்தைத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

பிரிமியம் எவ்வளவு?

சீமையில் 17 வயதிலேயே கார் ஓட்டலாம். ஆனால் இளைஞன் என்றால் கம்பெனிகள் பிரிமியத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். அதனால் தகப்பனார் பெயரைப் போட்டு, "நான்தான் ஓட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மகன் ஓட்டுவான். கண்டுபிடித்தால் அது மோசடி.

நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது ஆளுக்கான பிரிமியத்தை சர்க்கார் நிர்ணயிக்கிறது. எஞ்சினின் அளவைப் பார்த்துத்தான் தொகை. 2022 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சி.சி. வரை உள்ள காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094. அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416. அதையும் தாண்டினால் ரூ.7,897. ஓட்டுகிறவன் இளைஞன் என்பதற்காக இதில் ஒரு ரூபாய்கூட ஏறாது. புதுக் கார் வாங்குகிறவர்கள் மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே கட்டிவிட வேண்டும். 2018 செப்டம்பர் முதல் இந்த ஏற்பாடு.

ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பணம் பெரிய தடை அல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

லைசென்சு எங்கே?

பாலிசியின் உள்ளே "டிரைவர்" என்று ஒரு பகுதி உண்டு. பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. சொந்தக்காரர் உள்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் ஓட்டும்போது செல்லுபடியாகும் லைசென்சு அவர் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

பழகுநர் லைசென்சு வைத்திருப்பவனும் ஓட்டலாம். ஆனால் முறைப்படி ஓட்ட வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு "எல்" எழுத்து இருக்க வேண்டும். முழு லைசென்சு உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பர்களை ஏற்றிக்கொண்டு தனியாகக் கடற்கரைக்குப் போனால், கம்பெனி தகராறு செய்ய அது ஒன்றே போதும்.

லைசென்சே இல்லாத பையன் ஓட்டி, ஒருவர் இறந்துவிட்டால் என்ன ஆகும்? 2004-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய வழக்கில் இதற்கு வழி சொன்னது. இறந்தவர் குடும்பம் தவிக்கக் கூடாது. கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கலாம். லைசென்சு இல்லை என்று தெரிந்தே சொந்தக்காரர் வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபித்தால், அந்தப் பணத்தை அவரிடம் வசூல் செய்துகொள்ளலாம்.

பெற்ற மகனுக்கு லைசென்சு இல்லை என்பது எனக்குத் தெரியாது என்று எந்தத் தகப்பனார் சொல்ல முடியும்? சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

18 வயது நிறையாத பிள்ளை என்றால் இன்னும் மோசம். 2019 செப்டம்பர் முதல் அமலில் உள்ள சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை ஜெயில், ரூ.25,000 அபராதம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால்தான் தப்பலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை பழகுநர் லைசென்சுகூடக் கிடையாது.

காருக்குள் இருப்பவர்கள்

குறைந்த பிரிமியம் என்று பலர் மூன்றாவது ஆளுக்கான பாலிசியை மட்டும் எடுக்கிறார்கள். குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போகிறார்கள். வழியில் கார் மரத்தில் மோதுகிறது. பின்னால் இருந்த பாட்டிக்குக் கால் முறிகிறது. அந்தப் பாலிசியில் பாட்டிக்கு எதுவும் கிடைக்காது. சொந்தக் காரில் சும்மா உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது பொருந்தாது. முழுப் பாலிசி எடுத்திருந்தால் கிடைக்கும். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்த வித்தியாசத்தை விளக்கியிருக்கிறது.

ஓட்டிய மகனுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? சொந்தக்காரருக்கு ரூ.15 லட்சம் விபத்துப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். அப்பாவின் காரை ஓட்டிய பையனுக்கு அது வராது. அவன் மூன்றாவது ஆளும் அல்ல. மகன் ஓட்டப் போகிறான் என்றால், அவன் பெயரைச் சொல்லி விபத்துப் பாதுகாப்பைச் சேர்க்கும்படி கம்பெனியிடம் கேட்க வேண்டும். அல்லது அவனுக்குத் தனியாக விபத்துப் பாலிசி எடுக்கலாம்.

பழைய கார் வாங்கும் வாலிபன்

முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்துப் பழைய கார் வாங்குகிறவர்கள் உண்டு. "இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது" என்பார் விற்பவர். உண்மையாகவே இருக்கும். ஆனால் பாலிசி அவர் பெயரில் இருக்கும்.

வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் என்ன? மூன்றாவது ஆளுக்கான பகுதி காரோடு கூடவே வரும். ஆனால் தன் கார் நசுங்கினாலோ, திருட்டுப் போனாலோ பணம் கேட்க முடியாது. ஆர்.சி. புத்தகத்திலும் பெயரை மாற்ற வேண்டும். இது விற்றவருக்கும் நல்லது. பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. விற்றுப் பணம் வாங்கிய மனிதர், எப்போதோ கை கழுவிய காருக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார்!

பழைய சொந்தக்காரர் விபத்து இல்லாமல் ஓட்டியதற்காகப் பிரிமியத்தில் சலுகை பெற்றிருப்பார். அது அவருடைய சலுகை. காரோடு வராது. வாங்கியவன் அதைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால், பின்னால் அதுவே வினையாக முடியும்.

இன்னொன்று. சொந்தக் காரைச் சவாரிக்கு விட்டுச் சில்லறை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெள்ளைப் பலகைக் காரின் பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

காகிதம் உண்மையானதா?

தரகர் ஒருவர் பாதிப் பணத்தில் பாலிசி தருகிறேன் என்றால் சந்தேகப்பட வேண்டும். போலிப் பாலிசி அச்சடிப்பது பெரிய வித்தை அல்ல. கட்டாயப் பிரிமியம் எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதானே! அதை எப்படிப் பாதியாகக் குறைப்பார்?

பாலிசியில் உள்ள கட்டம் போட்ட குறியைச் செல்போனில் படம் பிடித்துப் பார்க்கலாம். கம்பெனிக்கே போன் செய்து பாலிசி எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். சர்க்காரின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண் மூன்றையும் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்து ஒத்துப் பார்ப்பது நல்லது.

தேதியோடு மணியையும் பாருங்கள். பாலிசி எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று அதில் இருக்கும். காலை 9 மணிக்கு விபத்து, 11 மணிக்கு ஓடிப்போய்ப் பணம் கட்டினார் என்றால் அந்தப் பாலிசி அந்த விபத்துக்கு உதவாது.

பையன் இன்னும் வாசலில் நிற்கிறான். சாவியைக் கொடுப்பதற்கு முன் தகப்பனார் அலமாரியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுக்கட்டும். பொடி எழுத்தைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். மகனையே உரக்கப் படிக்கச் சொல்லலாம்.