விமான நிலைய உடல் ஸ்கேனரும் அவ்ரத்தின் கண்ணியமும்



மகளின் பேறுகாலத்திற்காக அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் செல்லும் தாய்மார்கள், புறப்படும் முன் பள்ளிவாசலுக்குச் சொல்லியனுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஸ்ரத், அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டில் இரு கைகளையும் தூக்கி நிற்கச் சொல்கிறார்களாமே, உடம்பு அப்படியே தெரியுமாமே, நிற்கலாமா?" என்பதே அது. இதற்குக் கூடும், கூடாது என்று ஒற்றைச் சொல்லில் பதில் கூறிவிட முடியாது. ஏனெனில் 2010ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இயந்திரங்களும் இன்று இருப்பவையும் ஒன்றல்ல. சட்டம் எந்தப் பொருளின்மீது சொல்லப்பட்டதோ அப்பொருளே மாறிவிட்டால் சட்டத்தையும் மறுபடி ஆராய வேண்டும் என்பது ஃபிக்ஹ் படித்தோர் அறிந்ததே.

2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில், நைஜீரிய இளைஞன் ஒருவன் உள்ளாடைக்குள் மறைத்து வைத்திருந்த வெடிபொருளை வெடிக்கச் செய்ய முயன்றான். அல்லாஹ்வின் அருளால் அது முழுமையாக வெடிக்கவில்லை. சக பயணிகளும் பணியாளர்களும் அவனை மடக்கிவிட்டனர். அவனுடைய தந்தையே அதற்கு ஒரு மாதம் முன்பு அமெரிக்கத் தூதரகத்திற்குச் சென்று, மகனின் போக்குக் குறித்து எச்சரித்திருந்தார் என்பதை நம் குடும்பத்தார் மறந்துவிடக் கூடாது. துணிக்குள் ஒளித்த இரசாயனப் பொருளை உலோகம் காட்டும் வாயில் கண்டுபிடிக்காது. ஆகவே உடல் ஸ்கேனர்கள் பல நாடுகளிலும் விரைந்து நிறுவப்பட்டன.

அன்று அமெரிக்காவில் இருவகை இயந்திரங்கள் இருந்தன. ஒன்று, மிகக் குறைந்த அளவு எக்ஸ்ரே கதிரை உடலின்மீது செலுத்தித் திரும்பி வருவதைப் படமாக்குவது. மற்றொன்று, மில்லிமீட்டர் அலை எனப்படும் வானொலி அலையைக் கொண்டு இயங்குவது. இரண்டும் ஆடையை ஊடுருவி உடலின் வடிவத்தைத் திரையில் காட்டின. வேறோர் அறையில் அமர்ந்த, பயணியின் கண்ணுக்குத் தெரியாத ஓர் அலுவலர் அப்படத்தைப் பார்த்தார். அவர் ஆணா பெண்ணா என்பதும் பயணிக்குத் தெரியாது.

சூரா அந்நூரின் 30, 31ஆம் வசனங்களில் பார்வையைத் தாழ்த்தும்படியும் கற்பைக் காக்கும்படியும் ஆண், பெண் இருபாலாருக்குமே கட்டளை வந்துள்ளது. அதிலும் ஆண்களுக்கான கட்டளையே முதலில் வருகிறது. ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி அவ்ரத் ஆகும். ஆகவே இதைப் பெண்களின் பிரச்சினையாக மட்டும் பேசுவது சரியன்று. 2010 பிப்ரவரியில் வட அமெரிக்க ஃபிக்ஹ் கவுன்சில், இவ்வகைப் படம் இஸ்லாமிய நாண ஒழுக்கத்திற்கு முரணானது என்றும், அதற்குப் பதிலாகத் தன்பால் அலுவலர் கையால் சோதிப்பதைக் கேட்டுப் பெறலாம் என்றும் அறிவித்தது. அதே மாதம் போப் பதினாறாம் பெனடிக்ட்டும் விமான நிலைய ஊழியர்களிடம் பேசும்போது மனித கண்ணியத்தை வலியுறுத்தினார். நாணம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கவலையன்று. இங்கிலாந்திலோ அன்று மாற்றுவழியே இல்லை. மான்செஸ்டரிலிருந்து இஸ்லாமாபாத் செல்லவிருந்த முஸ்லிம் பெண் ஒருவர் மார்க்கக் காரணத்தால் மறுத்து, பயணத்தையே இழந்தார். கையால் சோதிக்கும் மாற்றுவழியை அந்நாட்டு அரசு 2013 நவம்பரில்தான் அனுமதித்தது.

"படங்கள் சேமிக்கப்பட மாட்டா" என்று அன்று சொல்லப்பட்டது. ஆனால் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லண்டோ நீதிமன்றம் ஒன்றில் இத்தகைய இயந்திரம் சுமார் 35,000 படங்களைச் சேமித்து வைத்திருந்தது 2010இல் வெளிப்பட்டது. அவற்றுள் 100 படங்கள் பத்திரிகைக்கும் வந்துவிட்டன. அது விமான நிலையம் அல்லதான். எனினும் சேமிக்கும் வசதியுள்ள கருவியில் வாக்குறுதியை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு பலவீனமானது என்பதை அது காட்டிவிட்டது.

பின்னர் அமெரிக்க நாடாளுமன்றம் 2012இல் இயற்றிய சட்டம், தனிமனித உருவம் தெரியாத மென்பொருளைக் கட்டாயமாக்கியது. எக்ஸ்ரே இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தால் அதனைக் காலக்கெடுவுக்குள் செய்ய இயலவில்லை. ஆகவே 2013 மே மாதத்திற்குள் அந்த இயந்திரங்கள் சுமார் 250ம் அமெரிக்க விமான நிலையங்களை விட்டு அகன்றன. இன்று அங்கு இருப்பவை மில்லிமீட்டர் அலை இயந்திரங்கள். அவற்றின் திரையில் எல்லாப் பயணிக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவமே தோன்றும். சந்தேகத்திற்குரிய இடம் இருந்தால் அங்கே ஒரு மஞ்சள் கட்டம் காட்டும், அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியமும் 2011 நவம்பரில் எக்ஸ்ரே இல்லாத ஸ்கேனர்களை மட்டுமே அனுமதித்து, வேறு சோதனை கேட்கும் உரிமையையும் பயணிக்கு அளித்தது. நம் நாட்டில் 84 விமான நிலையங்களில் ஸ்கேனர் வைக்கும்படி 2019 ஏப்ரலில் உத்தரவிடப்பட்டதும் மில்லிமீட்டர் அலை வகைக்கே.

உடல்நலம் பற்றிய அச்சத்தையும் பார்ப்போம். பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில் ஒருமுறை நின்றால் உடலில் படும் கதிர் சுமார் 0.1 மைக்ரோசீவெர்ட் அல்லது அதனினும் குறைவு. விமானம் உயரத்தில் பறக்கும்போது விண்ணிலிருந்து வரும் கதிர், இரண்டு மூன்று நிமிடங்களிலேயே அந்த அளவைத் தந்துவிடும். மார்பு எக்ஸ்ரே ஒன்று அதைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஆயினும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சிலர் 2010இல், கதிரின் பெரும்பகுதி தோலிலேயே தங்குவதால் முழு உடலுக்குமான சராசரிக் கணக்குப் பொருந்தாது என்று எழுதினர். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் குறித்தும் கவலை தெரிவித்தனர். அது நியாயமான கேள்வியே. 2015இல் வெளியான அமெரிக்க தேசிய அறிவியல் கழக ஆய்வு, அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருந்தது என்று கண்டது. இன்றைய மில்லிமீட்டர் அலையோ எக்ஸ்ரே போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் உடையதே அன்று. நம் கையிலிருக்கும் செல்பேசி வெளியிடுவதைவிட அதன் ஆற்றல் மிகக் குறைவு. நிரூபிக்கப்பட்ட தீங்கு வேறு, வஹ்ம் எனும் வெறும் ஐயம் வேறு. ஐயத்தை வைத்து ஒரு காரியத்தை ஹராம் என்று சொல்வதற்கில்லை. (செல்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்குபவர் ஸ்கேனரின் கதிரைப் பற்றி வினவும்போது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கும்.)

இனி, மார்க்க நிலை. உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ளரூரத் எனும் நிர்ப்பந்த நிலையில் தடுக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும். ஆனால் தேவையின் அளவுக்கு மட்டுமே. மருத்துவர் நோயுள்ள இடத்தைப் பார்ப்பதற்கு நம் இமாம்கள் வகுத்த எல்லையும் இதுதான். உருவப்படம் காட்டிய பழைய இயந்திரம், கைச்சோதனை எனும் மாற்றுவழி இருந்தபோது, அந்த எல்லையை மீறியதே. பொம்மை உருவம் மட்டும் காட்டும் இயந்திரத்தில் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. தொடுதல் பார்வையினும் கடுமையானது என்பது ஃபிக்ஹின் நிலைப்பாடு. ஆகவே இன்று ஸ்கேனரை மறுத்துக் கைச்சோதனையைக் கேட்பவர், இலேசானதை விட்டுக் கடினமானதைத் தேர்கிறார் என்பதே இந்த எளியவனின் கருத்து. 2010இன் ஃபத்வாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்றும் நம் பெண்மக்களை அலைக்கழிப்பது முறையன்று. எங்கேனும் உருவப்படம் காட்டும் இயந்திரம் இருந்தால் அங்கே பழைய சட்டமே நிற்கும்.

ஸ்கேனரில் நின்ற பிறகும் கைச்சோதனை வரலாம். தளர்ந்த ஆடை, மடித்துச் சுற்றிய தலைத்துணி, அதிலுள்ள ஊக்கு ஆகியவற்றால் எச்சரிக்கை எழுவதுண்டு. அப்போது பதற வேண்டாம். அமெரிக்காவில் பெண்ணைப் பெண் அலுவலரே சோதிப்பார். தனியறை கேட்கலாம், உடன் வந்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் அறியாத தாய்மாருக்கு இந்த இரண்டையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஸ்கேனரே வேண்டாம் என்போர், கூண்டுக்குள் நுழையும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரிலிருந்து சில பயணிகளுக்கு அங்கு ஸ்கேனரைக் கட்டாயமாக்கவும் அலுவலர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்நிலையில் வாதாடாமல் நின்றுகொள்வதில் குற்றமில்லை.